தலையாட்டிக்கு மதம் இல்லையாம்

சென்ற இதழில், கல்முனை பஸ் நிலையம் தொடங்கிச் சாய்ந்தமருதுக் கடற்கரை வரை முகம் அறியும் கமெராக்கள் பூட்டவேண்டும் என்று ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் நல்ல மனிதர், ஊர்மேல் அக்கறை உள்ளவர். கெட்ட எண்ணத்தோடு எழுதியிருந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும். நல்ல எண்ணத்தோடு எழுதியதால்தான் தேத்தண்ணிக் கடையிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் ஆட்கள் தலையை ஆட்டிக்கொண்டு வாசிக்கிறார்கள். தலையாட்டுவதைப் பற்றிப் பின்னால் கொஞ்சம் கதைக்கவேண்டி இருக்கிறது.

அவருடைய வாதத்துக்கு நான்கு கால். ஒன்று, இயந்திரத்துக்கு மதம் இல்லை: பொலிஸ்காரர் தாடியையும் பர்தாவையும் பார்க்கிறார், இயந்திரம் முகத்தை மட்டும் பார்க்கிறது, ஆகவே இதை முதலில் கேட்கவேண்டியவர்கள் முஸ்லிம்களே. இரண்டு, அது 99 வீதம் சரியாகச் சொல்லும். மூன்று, ஒளிக்க ஒன்றும் இல்லாதவனுக்குப் பயம் எதற்கு. நான்கு, இதை எதிர்ப்பவர்கள், போட்டோ பிடிப்பதே ஹராம் என்று ஒரு காலத்தில் சொன்னவர்களின் வாரிசுகள்.

நான் இந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துச் சோறு தின்கிறவன். புத்தகத்தில் ஆழ் கற்றல் என்றும் வகுப்பில் டீப் லேர்னிங் என்றும் சொல்கிற இந்த வித்தையின்மேல் எனக்குக் கோபம் இல்லை, காதலே உண்டு. கட்டுரையாளர் அந்த வித்தையின் உள்ளே ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காமல் எழுதிவிட்டாரே என்பதுதான் கோபம். மருந்துக் கம்பனியின் விளம்பரத் தாளை வாசித்துவிட்டு வைத்தியம் பற்றிப் பிரசங்கம் செய்த மாதிரி இருக்கிறது.

கூடையைப் பார்த்த கண்

முதல் காலை அசைப்பதற்கு ஒரு மீன் கதை போதும்.

என் மாணவர்கள் நான்கு பேர், மீனின் படத்தைக் காட்டினால் அது கீரியா சூடையா என்று சொல்லும் ஒரு சின்ன மென்பொருள் செய்தார்கள். வேலை இப்படித்தான் நடக்கும். ஏற்கெனவே இலட்சக்கணக்கான படங்களில் பழகிய ஒரு வலையமைப்பை இறக்கி எடுப்பது. அதன் கடைசி அடுக்கை மட்டும் எங்கள் படங்களைக் காட்டித் திரும்பப் பழக்குவது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெயர்ச்சீட்டு: இது கீரி, இது சூடை. பிழையாகச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் எண்கள் ஒரு துளி திருத்தப்படும். ஆயிரம் தடவை, பத்தாயிரம் தடவை. கடைசியில் புதுப் படம் காட்டினாலும் சரியாகச் சொல்லும். பிள்ளைகள் செய்ததும் சொன்னது. சோதனையில் கிட்டத்தட்ட எல்லாம் சரி. அவர்களுக்குத் தலைகால் புரியாத சந்தோசம்.

அவர்களில் ஒருவனின் வாப்பா கடலுக்குப் போகிறவர். பார்க்க வந்தார். மேசையில் இருந்த ஒரு சூடையை எடுத்து, பக்கத்தில் கிடந்த நீலப் பிளாஸ்டிக் கூடைக்குள் போட்டு, இப்ப கேளு என்றார். கேட்டார்கள். கீரி, 97 வீதம் என்றது. மீனை எடுத்துவிட்டுத் தன் செருப்பைக் கூடைக்குள் வைத்தார். அதுவும் கீரி. மனிசன் வயிறு குலுங்கச் சிரித்தார். "இது மீனப் பாக்குதில்ல மகன், கூடயத்தான் பாக்குது."

நடந்தது இதுதான். கீரிப் படங்களைப் பிள்ளைகள் காலைச் சந்தையில் நீலக் கூடைகளில் வைத்து எடுத்திருந்தார்கள். சூடைப் படங்களைப் பின்நேரம் கரைவலை இழுத்த இடத்தில் மணலில் வைத்து எடுத்திருந்தார்கள். இயந்திரம் மிகக் குறைந்த உழைப்பில் மார்க் வாங்குகிற வழியைக் கண்டுபிடித்தது. நீலம் என்றால் கீரி, மணல் என்றால் சூடை. அமெரிக்காவில் 2016இல் ரிபெய்ரோவும் கூட்டாளிகளும் வேண்டுமென்றே இப்படி ஒன்றைப் பழக்கிக் காட்டினார்கள். ஓநாயையும் நாயையும் பிரித்துக் காட்டிய அந்த மென்பொருள் உண்மையில் படத்தில் பனி கிடக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் பிள்ளைகள் வேண்டுமென்று செய்யவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

செருப்பு ஏன் கீரியானது என்பதும் கவனிக்கவேண்டியது. இந்த வகைப்படுத்தும் இயந்திரம் தான் படித்த பெயர்களுக்குள் நூறு மார்க்கைப் பங்கிட்டுக் கொடுக்கும். கூட்டினால் எப்போதும் நூறு வரவேண்டும். செருப்பைக் காட்டினாலும் உம்மாவின் போட்டோவைக் காட்டினாலும் அந்த நூறு கீரிக்கும் சூடைக்கும்தான் பங்காகும். எனக்குத் தெரியாது என்று சொல்ல அதற்கு ஒரு இடமே வைக்கப்படவில்லை.

கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்பார்கள். இந்த இயந்திரத்தின் சீவியமே அந்த இரண்டில்தான். சோறு நாங்கள் கொடுக்கும் படம், சொல் நாங்கள் ஒட்டும் பெயர். 2012இல் தொரந்தோவில் கிறிசெவ்ஸ்கி, சுட்ஸ்கெவர், ஹின்டன் மூவரும் செய்த வலையமைப்பு ஒரு போட்டியில் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. 1000 வகைப் பொருட்கள், 12 இலட்சம் படங்கள். இரண்டாவதாக வந்தவரின் பிழை 26 வீதத்துக்கு மேல், இவர்களுடையது 15 வீதம் சொச்சம். அந்தப் படங்களுக்குப் பெயர் ஒட்டியது தேவதூதர்கள் இல்லை. இணையத்தில் சில்லறைக் கூலிக்கு வேலை செய்த சாதாரண மனிதர்கள். படங்களில் பெரும்பங்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எடுக்கப்பட்டவை. விளைவை 2018இல் நேச்சர் சஞ்சிகையில் இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். வெள்ளைக் கவுன் போட்ட அமெரிக்க மணமகளை இந்த வழியில் பழகிய மென்பொருள் மணப்பெண் என்றது. வட இந்திய மணமகளைக் காட்டியபோது நிகழ்த்து கலை, வேஷ உடுப்பு என்றது. எங்கள் ஊர் மணமகளை என்ன சொல்லியிருக்கும் என்று கட்டுரையாளர் தன் வீட்டுக் கல்யாண அல்பத்தைப் புரட்டிக்கொண்டே யோசிக்கட்டும்.

ஆகவே கேள்வி, இயந்திரத்துக்கு மதம் உண்டா என்பது இல்லை. அதற்குப் பெயர் சொல்லிக் கொடுத்தவர் யார் என்பதே.

மாவுக்கட்டியும் சுக்கானும்

இந்த நாட்டில் படத்துக்குப் பெயர் ஒட்டுகிறவர்களின் லட்சணம் எங்களுக்குத் தெரியாததா?

2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரம். ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் ஒரு மாவுக்கட்டி கிடந்தது. அதைப் பார்த்தவர்கள் ஒட்டிய பெயர்: மலட்டு மாத்திரை. வீடியோ பரவியது, பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. பிறகு அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் அதைச் சோதித்துவிட்டு, வெறும் மாப்பொருள் என்றது.

2019 மே மாதம், ஹசலக. ஒரு முஸ்லிம் பெண்ணின் உடுப்பில் கப்பல் சுக்கானின் படம் அச்சிட்டிருந்தது. பார்த்த பொலிஸ் ஒட்டிய பெயர்: தர்மச்சக்கரம். அந்தத் தாய் பிணையில் வருவதற்கு முன் இரண்டு கிழமைக்கு மேல் மறியலில் கிடந்தார். கடலோரத்தில் பிறந்த எங்கள் பிள்ளையிடம் காட்டியிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருக்கும், இது கப்பல் சில்லு என்று.

இந்த இடத்தில் கட்டுரையாளர் துள்ளி எழும்புவார் என்று எனக்குத் தெரியும். அதைத்தானே நானும் சொல்கிறேன், மனிதக் கண் பிழை விடுகிறது, ஆகவே இயந்திரத்தைக் கொண்டு வாருங்கள் என்பார். கொண்டு வந்தால் அதற்குப் படிப்பிக்கப் போகிறவர் யார் ஐயா? மாலைதீவிலிருந்து ஆள் வருமா? சந்தேகத்துக்குரியவர் யார், சாதாரண ஆள் யார் என்று படங்களைப் பிரித்து வைக்கப் போகிறது அதே கண்தான். சுக்கானைச் சக்கரம் என்ற கண் பெயர் ஒட்டிப் பழக்கிய இயந்திரம், சுக்கானைச் சக்கரம் என்றுதான் சொல்லும். 99 வீத நிச்சயத்தோடு சொல்லும். பிழையான கண் ஒன்று இருந்த இடத்தில், அதே பிழையை ஒரு செக்கனுக்கு ஆயிரம் தடவை விடுகிற கண் வந்து உட்காரும்.

மனிதப் பிழைக்கு ஒரு குணம் உண்டு, அதை மடக்கலாம். மாவுக்கட்டியைச் சோதனைக் குழாயில் போட்டுப் பார்க்க முடிந்தது. சுக்கானை நீதிமன்றத்தில் ஒரு சட்டத்தரணி எழுந்து நின்று காட்ட முடிந்தது. ஏன் அப்படி நினைத்தாய் என்று பொலிஸ்காரரைக் கேட்கலாம். கோடிக்கணக்கான எண்களைப் பெருக்கிக் கூட்டி ஒரு விடையைத் துப்புகிற இயந்திரத்தை யார் குறுக்கு விசாரணை செய்வது? செய்தவருக்கே ஏன் என்று முழுதாகத் தெரியாது. கூடைக்குள் செருப்பை வைத்துப் பார்க்கிற ஒரு வாப்பா ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் நிற்கமாட்டார்.

மதமே இல்லாத இந்த இயந்திரத்துக்கு மதத்தைத் தேடச் சொன்னால் தேடுமா? பேஷாகத் தேடும். 2019 ஏப்ரலில், இலங்கையின் ஈஸ்டர் ஞாயிறு குண்டுத் தாக்குதலுக்கு ஒரு கிழமைக்கு முன், நியூயோர்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. சீனப் பொலிஸ், தெருக் கமெராவில் தெரியும் முகங்களில் உய்குர் முஸ்லிம்களைத் தனியாகப் பிரித்தெடுக்கும் மென்பொருளைப் பல நகரங்களில் ஓடவிட்டிருந்தது. மஞ்சள் நதிக் கரையில் உள்ள சான்மென்ஷியா என்ற ஒரே நகரத்தில், ஒரே மாதத்தில், இவர் உய்குரா என்ற கேள்வியை இயந்திரம் ஐந்து இலட்சம் தடவை கேட்டிருந்தது. கத்திக்கும் மதம் இல்லை. அதற்காகக் கழுத்தை நீட்டுகிறோமா?

தொண்ணூற்றொன்பது

இரண்டாவது கால் 99 வீதம். இந்த எண்ணைப் பார்த்துத்தான் வாசகர்கள் மயங்கியிருக்கிறார்கள். ஓ.எல். கணக்குப் போதும் இதற்கு.

ஒரு இலட்சம் பேர் நடமாடுகிற ஊர் என்று வைப்போம். அதில் உண்மையில் தேடப்படுகிறவர்கள் பத்துப் பேர். கட்டுரையாளர் சொன்ன மாதிரியே இயந்திரம் 99 வீதம் சரி, குற்றவாளியிலும் சரி, அப்பாவியிலும் சரி. எல்லோரும் ஒரு தடவை கமெராவுக்கு முன்னால் நடக்கிறார்கள். பத்துக் குற்றவாளிகளையும் அது பிடித்துவிடுகிறது என்றே விட்டுக்கொடுப்போம். மீதி 99,990 பேரில் ஒரு வீதம் பிழை. அதாவது சுமார் 1000 அப்பாவிகள். மணி அடித்தது 1010 தடவை, அதில் 1000 பொய். மணி அடித்த ஒருவனைப் பிடித்து நிறுத்தினால் அவன் அப்பாவியாக இருப்பதற்கான வாய்ப்புத்தான் 99 வீதம். கட்டுரையாளர் எண்ணைச் சரியாகத்தான் எழுதினார், ஒட்டிய இடம் பிழை. இது ஒரு தடவை நடந்ததற்கான கணக்கு. எங்கள் ஆட்கள் சந்தைக்கும் பள்ளிக்கும் ஸ்கூலுக்கும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை நடக்கிறார்கள் என்று அவரே பெருக்கிக்கொள்ளட்டும்.

அந்த 99கூடக் கடையில் சொல்கிற விலைதான். முகம் அறிகிற மென்பொருள், முகத்தை ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றும். இரண்டு முகத்தின் வரிசைகள் எவ்வளவு கிட்ட இருக்கின்றன என்று அளக்கும். எவ்வளவு கிட்ட வந்தால் ஒரே ஆள் என்று கொள்வது? அந்தக் கோட்டைக் கீறுகிறது இயந்திரம் இல்லை, அதை வாங்கியவர். தில்லிப் பொலிஸ் 80 வீதம் ஒத்துவந்தால் ஆள் பொருந்துகிறார் என்று கொள்வதாக 2022இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது தெரிய வந்தது. அதே தில்லியில், காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் வேலையில் மென்பொருளின் துல்லியம் 2 வீதம் என்று 2018இல் உயர் நீதிமன்றத்தில் பொலிஸே சொன்னது. அடுத்த வருடம் அது 1 வீதத்துக்கும் கீழே, ஆண் பிள்ளையையும் பெண் பிள்ளையையும்கூடப் பிரித்தறியவில்லை என்று ஒரு மத்திய அமைச்சு சொன்னது. விளம்பரத்தில் 99, நீதிமன்றத்தில் 2.

யாருடைய முகத்தில் பிழை கூட வரும் என்பதும் அளந்து பார்த்த விசயம். எம்.ஐ.டி.யில் ஆராய்ந்த ஜோய் புவோலம்வினி என்ற கறுப்பினப் பெண்ணின் முகத்தைக் கமெரா கண்டுகொள்ளவே இல்லை. வெள்ளை முகமூடி ஒன்றைப் போட்ட பிறகுதான் கண்டுகொண்டது. 2018இல் அவரும் டிம்னிட் கெப்ருவும் பெரிய கம்பனிகளின் மென்பொருட்களைச் சோதித்தார்கள். ஆணா பெண்ணா என்று சொல்வதில் வெளிர் நிற ஆண்களில் பிழை 0.8 வீதத்தைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களில் 34.7 வீதம் வரை போனது. 2019 கடைசியில் அமெரிக்க அரசின் தர நிறுவனம் 189 மென்பொருட்களைச் சோதித்துவிட்டுச் சொன்னது: வேறொருவரை இவர்தான் என்று பிழையாகச் சொல்வது, ஆசிய, ஆபிரிக்க வம்ச முகங்களில் வெள்ளையர் முகத்தைவிடப் பத்து மடங்கிலிருந்து நூறு மடங்கு வரை கூட, மென்பொருளைப் பொறுத்து. எங்கள் முகம் எந்தப் பக்கம் என்று கட்டுரையாளர் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒளிக்க ஒன்றும் இல்லாதவர்

மூன்றாவது கால்: ஒளிக்க ஒன்றும் இல்லாதவனுக்கு ஏன் பயம்?

ஒளிக்க ஒன்றும் இல்லாத ஒருவரின் கதை சொல்கிறேன். 2019 ஏப்ரல் 25. ஈஸ்டர் தாக்குதல் நடந்து நான்கு நாள். தேடப்படுகிறவர்கள் என்று ஆறு பேரின் படங்களை இலங்கைப் பொலிஸ் வெளியிட்டது. அதில் வேறொரு பெண்ணின் பெயருக்கு மேலே இருந்த படம் அமாரா மஜீத் என்ற மாணவியுடையது. இலங்கையிலிருந்து போன பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர், பிரவுன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர், முஸ்லிம் பெண்களுக்கு எதிரான வெறுப்பைப் பற்றி வெளிப்படையாக எழுதிப் பேசி வந்தவர். ஒளித்து வைத்திருந்தது ஒன்றும் இல்லை. முகம் இணையத்தில் பகிரங்கமாக இருந்ததே அவருக்கு வினையானது. விடிந்து எழும்பியபோது அவர் பயங்கரவாதி. கொலை மிரட்டல்கள் வந்தன. பொலிஸ் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தியது. பரவிய படத்தை யார் திருப்பி எடுப்பது?

முகம் அறியும் மென்பொருளின் பிழை என்று வெளிநாட்டுச் செய்திகள் சில எழுதின. கட்டுரையாளர் ஏற்கமாட்டார், மனிதக் கை பட்டிருக்கும் என்பார். சரி, வாதத்துக்கு அப்படியே வைப்போம். அப்படியானால் இயந்திரத்தை ஓட்டப்போகிற கைகளும் அவைதானே?

அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரை அடுத்து 2020 ஜனவரியில் ரொபர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவரை, மனைவியும் இரண்டு சின்னப் பெண் பிள்ளைகளும் பார்த்து நிற்க, வீட்டு வாசலில் விலங்கு போட்டார்கள். கடையில் கைக்கடிகாரம் திருடிய ஒருவனின் மங்கல் படத்தை இயந்திரம் இவருக்குப் பொருத்தியிருந்தது. விசாரணையில் அந்தப் படத்தை எடுத்துத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். யார் பார்த்தாலும் தெரியும் இரண்டும் ஒரு ஆள் இல்லை என்று. ஆனாலும் முப்பது மணித்தியாலம் அளவில் அடைத்து வைத்திருந்தார்கள். இயந்திரம் சொன்ன பிறகு மனிதன் பார்ப்பதை நிறுத்திவிடுகிறான். பிழையைவிடப் பெரிய ஆபத்து அது.

இதற்கு எங்கள் கரையில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. என் பாண்டிருப்பு நண்பர் ஒருவர், இப்போது பேரப்பிள்ளை கண்டவர், எண்பதுகளின் கடைசியில் சுற்றிவளைப்பில் வரிசையில் நின்றவர். வெயிலில் ஆண்களை ஒவ்வொருவராக ஒரு வாகனத்துக்கு முன்னால் நடக்க விட்டார்களாம். உள்ளே தலையைச் சாக்கால் மூடிய ஒரு உருவம். சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அந்தத் தலை அசைந்தால் ஒரு பக்கம், அசையாவிட்டால் வீட்டுக்கு. "எனக்கு முன்னுக்கு நின்றவனுக்கு ஆட்டினான். ஏன் ஆட்டினான் என்று இன்றைக்கும் தெரியாது. சாக்குக்குள்ள தும்மல் வந்துதோ தெரியாது." முன்னுக்கு நின்றவர் திரும்பி வரவில்லை.

தலையாட்டி என்று அந்த உருவத்துக்குப் பெயர். வடக்கு கிழக்கில் அந்தச் சொல்லுக்கு அகராதி தேவையில்லை. அதற்கும் மதம் தெரியாது, இனம் தெரியாது, சாக்குக்குள் இருப்பது யார் என்று யாருக்கும் தெரியாது. அதனிடம் ஏன் என்று கேட்க முடியாது. அதற்குப் பெயர்ப் பட்டியலைச் சொல்லிக் கொடுத்தவர் வேறு இடத்தில் இருப்பார். வரிசையில் நின்றவர்கள் ஒளிக்க ஒன்றும் இல்லாதவர்கள்தான். அதனால்தான் வரிசையில் வந்து நின்றார்கள். ஒளிக்க இருந்தவன் முதல் நாளே ஓடியிருப்பான்.

கட்டுரையாளர் பஸ் நிலையத்தில் பூட்டச் சொல்வது அந்தச் சாக்கைத்தான். இந்த முறை சாக்குக்குள் ஆளே இல்லை. அதையும் ஒரு சிறப்பாக எழுதுகிறார்.

ஹராம் பட்டியல்

நான்காவது காலுக்கு அதிக நேரம் வேண்டாம். எதிர்ப்பவனை மூடன் என்று பெயர் ஒட்டினால் பதில் சொல்லும் வேலை மிச்சம். அதுவும் ஒருவகை வகைப்படுத்தல்தான்: தாடியைப் பார், பெட்டிக்குள் போடு. மீனைப் பார்க்காமல் கூடையைப் பார்த்திருக்கிறார்.

இந்த வித்தை எங்கே நல்லது செய்கிறது என்று நானே சொல்கிறேன். எங்கள் ஊர்களில் சீனி வருத்தம் இல்லாத வீட்டைத் தேடவேண்டும். அது கண்ணைத் தின்னும், ஆரம்பத்தில் ஆளுக்கே தெரியாது. விழித்திரையின் படத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் ஒன்றைக் கூகுள் ஆய்வாளர்கள் செய்து 2016இல் வெளியிட்டார்கள். பழக்கியது 1,28,000 படங்களில். ஒவ்வொரு படத்தையும் கண் வைத்தியர்கள் மூன்றிலிருந்து ஏழு தடவை தனித்தனியே பார்த்துப் பெயர் ஒட்டினார்கள். பிறகு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் நோயாளிகளிடம் வைத்துச் சோதித்தார்கள். நன்றாகவே வேலை செய்தது. ஆனாலும் தாய்லாந்தின் சிறு வைத்திய நிலையங்களுக்குக் கொண்டுபோனபோது, எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல், வெளிச்சம் சரியில்லாதது போன்ற காரணங்களால், இயந்திரம் பார்க்க மறுத்துவிட்டது. அந்த மறுப்பை நான் மெச்சுகிறேன். தெரியாது என்று சொல்லும் வசதியை அதற்கு வைத்திருந்தார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் பெயர் ஒட்டியவர் தொழில் தெரிந்தவர், அதுவும் பல பேர். படம் கொடுத்தவர் தானாக வந்தவர். இயந்திரம் பிழை விட்டால் வைத்தியர் திரும்பப் பார்ப்பார், பிழை தெரிந்தால் அடுத்த மாதம் திருத்துவார்கள். தெருக் கமெராவில் பெயர் ஒட்டியவர் யார் என்று தெரியாது, படம் கொடுத்தவருக்குக் கொடுத்ததே தெரியாது, பிழையை அனுபவிப்பவர் மறியலில் இருப்பார். ஒரே வித்தை, இரண்டு உலகம். கண் பார்க்கும் இயந்திரம் கல்முனைக்கு வரட்டும், வரவேற்பு வளைவு கட்டுவதற்கு முதல் ஆளாக நான் நிற்பேன்.

தெருவுக்கு வருவதானால் மூன்று கேள்விக்குப் பதில் வரவேண்டும். எந்தப் படங்களில், யார் பெயர் ஒட்டிப் பழக்கியது? எங்கள் முகங்களில் எத்தனை பேரைப் பிழையாகப் பிடித்தது என்று வெளியார் யார் சோதித்தார்? பிழையாகப் பிடிபட்டவர் எந்தக் கதவைத் தட்டுவது? தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் கொண்டு வந்தார்கள். அதன் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியவை, தள்ளிவைக்கப்பட்டன. கதவை அடித்துவிட்டுப் பூட்டைப் பிறகு பார்ப்போம் என்கிற வீட்டில் தங்க நகையைக் கொண்டு வைக்கச் சொல்கிறார் கட்டுரையாளர்.

பெயரும் படமும்

கடைசியில் அவர் கேட்ட கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. கமெரா இருந்திருந்தால் 2019 ஈஸ்டர் தாக்குதல் நடந்திருக்குமா?

2019 ஏப்ரல் 4இலேயே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. ஏப்ரல் 11 திகதியிட்ட பொலிஸ் கடிதம் ஒன்றில், தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் பெயர் எழுதியிருந்தது. அதற்கு இரண்டு வருடம் முந்தியே காத்தான்குடி முஸ்லிம்கள் அவனைப் பற்றி முறையிட்டிருந்தார்கள். பெயர் தெரியும், ஊர் தெரியும், கடிதம் மேசையில் கிடந்தது. அப்போதைய ஜனாதிபதியும் பாதுகாப்பு உயரதிகாரிகளும் கடமை தவறினார்கள் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து நட்டஈடு கட்டச் சொன்னது. மை காயாத காகிதத்தை வாசிக்காத நிர்வாகம், கமெராவின் திரையை மட்டும் கண் கொட்டாமல் பார்த்திருக்குமா?

இனி அமாரா மஜீத்தின் படத்துக்குத் திரும்புவோம். அந்தப் படத்தின் கீழ் பொலிஸ் எழுதிய பெயர் அவருடையது இல்லை என்றேன். யாருடையது என்று சொல்லவில்லை. அது சஹ்ரானின் மனைவியின் பெயர். உலகம் முழுக்க அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், அந்தப் பெயருக்குரிய பெண் எங்களிடம்தான் இருந்தார். சாய்ந்தமருதில், பொலிவேரியன் கிராமத்தில், புதிதாகக் குடிவந்த ஒரு வீட்டில்.

படம் வெளியான அடுத்த நாள், ஏப்ரல் 26 வெள்ளிக்கிழமை இரவு, அந்த வீட்டைப் படையினர் சுற்றி வளைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் குண்டை வெடிக்க வைத்தார்கள். சிறு பிள்ளைகள் உட்படப் பதினைந்து பேர் அளவில் செத்தார்கள். அந்தப் பெண்ணும் மகளும் காயத்தோடு தப்பினார்கள். அந்த வீட்டுக்குப் படையைக் கூட்டிக்கொண்டு போனது கமெரா இல்லை. புதிதாக வந்தவர்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, பயத்தையும் பொருட்படுத்தாமல் போய்த் தகவல் கொடுத்த ஊர் மக்கள். சாரம் உடுத்தவர்கள், பர்தா போட்டவர்கள். கட்டுரையாளர் எந்த மனிதக் கண்ணை நம்பமுடியாது என்று நான்கு பக்கம் எழுதினாரோ, அதே மனிதக் கண்.